கணக்குப்பிள்ளை என்ன கேட்பார்? துப்பறியும் மேசை ஆட்டத்துக்குத் தனித்திறமைகள் எழுதிய அனுபவம்

துப்பறியும் ஆட்டத்தில் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தை ஒரே நொடியில் வாட வைக்கும் வாக்கியம் ஒன்று உண்டு: “தேடிப் பார்த்தீங்க, ஒண்ணும் கிடைக்கல.” சண்டை ஆட்டத்தில் குறி தவறினால் அடுத்த சுற்றில் மறுபடி வீசிக்கொள்ளலாம். துப்பு தவறினால் அடுத்த சுற்று என்ற ஒன்றே இருக்காது. எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் எல்லோரும் கேம் மாஸ்டரின் முகத்தைப் பார்ப்பார்கள். அவரும் பாவம், வேறு வழியில்லாமல் ஒரு வேலைக்காரப் பையனை உள்ளே அனுப்பி, விஷயத்தை அவன் வாயால் சொல்ல வைப்பார்.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கேம் மாஸ்டர்; வழக்கத்தில் ஜி.எம். கதை நடக்கும் உலகத்தையும் அதில் வரும் மனிதர்களையும் அவர் பேசுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்லி, முடிவு சந்தேகமான இடத்தில் பகடை உருட்டிக் கதையை நகர்த்துவார்கள். நான் நண்பர்களுக்காக எழுதி ஆட்டி வருவது 1930களின் மதராஸில் நடக்கும் துப்பறியும் ஆட்டம். தெருவில் ட்ராம் ஓடுகிறது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் 1931லிருந்து மின்சார ரயில். பழைய புத்தகத்துக்கு மூர் மார்க்கெட், பழைய செய்திக்குக் கன்னிமாரா நூலகம். துப்பறிபவர்கள் போலீஸ்காரர்கள் இல்லை. கணக்குப்பிள்ளை, கம்பவுண்டர், பத்திர எழுத்தர், மருத்துவச்சி, தபால்காரர் மாதிரி ஆட்கள். விதிகள் சீக்கிரம் ஒரு வடிவத்துக்கு வந்துவிட்டன. நாள் பிடித்தது இவர்களுக்கான தனித்திறமைகள்தான். ஆங்கில விதிப்புத்தகங்களில் ‘டாலண்ட்’ என்று வருபவை. பேச்சு, கவனம், கைவேலை போன்ற சாதாரணத் திறன்கள் எல்லோருக்கும் கூடக்குறைய இருக்கும். தனித்திறமை அந்த ஒருவருக்கு மட்டும்.

இந்த வகை ஆட்டத்துக்கு வழி போட்டது 1981ல் வந்த ‘கால் ஆஃப் கதுலு’. ஒவ்வொரு திறனுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண். அந்த எண்ணுக்குள் உருட்டினால் வெற்றி. மறைந்திருப்பதைக் கண்டுபிடிக்க ஒரு திறன், நூலகத்தில் தேட ஒரு திறன். இதில் ஒரு கணக்குச் சங்கடம் ஒளிந்திருக்கிறது. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும்படி மூன்று துப்புகள் சங்கிலியாக இருக்கின்றன, ஒவ்வொன்றையும் ஒருவர்தான் உருட்ட முடியும், அவருக்கு 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் கிடைக்க வாய்ப்பு 21.6 சதவீதம். ஐந்து வழக்கில் கிட்டத்தட்ட நான்கு நடுவழியில் நின்றுவிடும். இதையே நான்கு பேர் ஒரே அறையில் ஆளுக்கு 60 வைத்துத் தேடினால், நால்வரும் தவறவிட வாய்ப்பு 3 சதவீதம்கூட இல்லை. முதல் வகையில் பகடை கதையைக் கொல்கிறது. இரண்டாம் வகையில் பகடை வெறும் சடங்கு.

2008ல் வந்த ‘ட்ரெயில் ஆஃப் கதுலு’, ‘கம்ஷூ’ என்ற விதிமுறையைக் கொண்டு இந்த முடிச்சை நேராக வெட்டியது. சரியான இடம், சரியான திறன் உள்ள ஆள், “இதைப் பயன்படுத்துறேன்” என்ற ஒரு சொல், அவ்வளவு போதும். வழக்கு நகரத் தேவையான துப்பு உருட்டாமலே கைக்கு வரும். அதற்கு மேல் விவரம் வேண்டுமானால் புள்ளிகளைச் செலவழிக்கலாம். என் ஆட்டத்துக்கும் இதையே அடித்தளமாக எடுத்துக்கொண்டேன். உடனே அடுத்த கேள்வி வந்து நின்றது. துப்பு எல்லோருக்கும் எளிதில் கிடைத்துவிடும் என்றால், தனித்திறமை எதற்கு?

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது கூட்டல். கணக்குப் புத்தகம் பார்க்கும்போது ஒன்று கூடுதல், நோயாளியைப் பார்க்கும்போது ஒன்று கூடுதல். ‘வேசன்’ என்று 2020ல் வந்த அழகான ஸ்காண்டிநேவிய ஆட்டத்திலும் பல டாலண்ட்கள் குறிப்பிட்ட சூழலில் கூடுதல் பகடை தருபவைதான். அங்கே ஆறுமுகப் பகடைகளைக் கொத்தாக உருட்டி, ஒரு 6 விழுந்தாலே வெற்றி. ஐந்து பகடைக்கு 60 சதவீதம், ஏழு பகடைக்கு 72. காகிதத்தில் நல்ல லாபம். மேசையில் அந்தப் பன்னிரண்டு சதவீதத்தை யாரும் உணர்வதில்லை. 6 விழுந்தால் அது எந்தப் பகடையால் விழுந்தது என்று யாருக்குத் தெரியும்?

என்னுடைய ஆட்டத்தில் இரண்டே பகடை. கூட்டுத்தொகை 6 வரை வந்தால் சிக்கல். 7 முதல் 9 வரை, நினைத்தது நடக்கும், ஆனால் ஏதாவது விலை கொடுக்க வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் சுத்தமான வெற்றி. ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ என்ற ஆட்டம் 2010ல் பரப்பிவிட்ட அளவுகோல் இது. இரண்டு பகடையில் வரக்கூடிய 36 சேர்க்கைகளில் 15 சிக்கலானவை, அதாவது 42 சதவீதம். ஒன்று கூட்டினால் அது 28 ஆகிறது. இரண்டு கூட்டினால் 17. மூன்று கூட்டினால் 8. சின்னச் சின்னக் கூட்டல்களை ஒரே பாத்திரத்தில் அடுக்க விட்டால் ஆபத்து என்பதே ஆட்டத்தை விட்டுப் போய்விடும். அதனால் தனித்திறமை எதுவும் எண்ணைத் தொடக்கூடாது என்று முடிவெடுத்தேன். ஒரு தனித்திறமை கையில் இருப்பதால் ஆட்டக்காரர் மேசையில் சொல்லும் வாக்கியம் மாற வேண்டும். அது மாறவில்லை என்றால் அந்தத் திறமையை எழுதிய அட்டை கிழித்துப் போடவேண்டிய அட்டை. இன்றுவரை நான் வைத்திருக்கும் ஒரே அளவுகோல் இதுதான்.

இந்த அளவுகோலில் தேறுபவை பெரும்பாலும் இரண்டு சாதி: கேள்வி தருபவை, கதவு திறப்பவை.

கேள்வி தருபவற்றுக்குக் கணக்குப்பிள்ளை நல்ல உதாரணம். அவருடைய அட்டையில் இருப்பது இதுதான்: “கணக்குப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டும்போது, இவற்றில் ஒன்றைக் கேள்: எந்த வரி பின்னால் சேர்க்கப்பட்டது? யார் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை? பணம் கடைசியாக எந்தக் கைக்குப் போனது?” ஜி.எம். உண்மையைத்தான் சொல்ல வேண்டும். அதைச் சம்பவமாகவும் சொல்ல வேண்டும்: “ஆடி மாசப் பக்கத்துல ஒரு வரிக்கு மட்டும் மசி வேற நிறம்.” ஆட்டக்காரர் அந்த இடத்திலிருந்து ஊகத்தைத் தொடங்குவார்.

இதில் இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டியவை. ஒன்று, ‘எப்போது’ என்பது கண்ணுக்குத் தெரியும் செயலாக இருக்க வேண்டும். “கணக்கு சம்பந்தப்பட்ட சூழலில்” என்று எழுதினால் அது பொருந்துமா பொருந்தாதா என்று அரை மணி நேரம் வாக்குவாதம் நடக்கும். “கையில் எடுத்துப் புரட்டும்போது” என்று எழுதினால், முதலில் அந்தப் புத்தகத்தைக் கைப்பற்ற வேண்டும். மண்டி முதலாளியின் பெட்டியிலிருந்து அதை எப்படி எடுப்பது என்பதே ஒரு காட்சி ஆகிவிடும். இரண்டாவது, கேள்வி குறுகலாக இருக்க வேண்டும். “இங்கே என்ன விசேஷம்?” என்று கேட்க விட்டால் மூளையைக் கசக்க வேண்டியது ஜி.எம். மட்டும்தான். “யார் பெயர் இல்லை?” என்று கேட்டால் கேட்பவரும் யோசித்துத்தான் கேட்கிறார். யாருடைய பெயர் அங்கே இருக்கக்கூடும் என்ற எதிர்பார்ப்பு அவர் மனதில் இருக்கிறது.

பத்திர எழுத்தரின் கேள்விகளை எழுத என் சித்தப்பா உதவினார். பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பகடை, பாத்திரம் எல்லாம் அவருக்குச் சின்னப்பிள்ளை விளையாட்டு. ஆனால் போலிப் பத்திரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். “டேய், எல்லாரும் பத்திரத்தை முன்பக்கம் படிப்பாங்க. நீ மொதல்ல முத்திரைத்தாள் விற்றவன் எழுதினதைப் பாரு” என்றார். முத்திரைத்தாளை விற்பவர் யாருக்கு, எந்தத் தேதியில், எத்தனை ரூபாய்க்கு விற்றார் என்று தாளிலேயே எழுதுவார். தன் பதிவேட்டிலும் எழுதி வைப்பார். பத்திரம் எழுதியதாகச் சொல்லும் தேதி, தாள் விற்ற தேதிக்கு முந்தியதாக இருந்தால் கதை முடிந்தது. அந்தத் தேதியையும் சரிக்கட்டியிருந்தால், விற்றவரின் பதிவேட்டைத் தேடிப் போக வேண்டும். ஒரு தொழிலின் உள்விவரம் இப்படி ஒன்று கிடைத்துவிட்டால் தனித்திறமை தானாக எழுதிக்கொள்ளும். துப்பு எங்கே ஒளியும், அதை எப்படி மறைப்பார்கள், மறைத்தாலும் எங்கே மிச்சம் இருக்கும் என்று மூன்று அடுக்கு அதிலேயே இருக்கிறது. நீங்கள் ஆட்டம் எழுதுவதாக இருந்தால், பத்து விதிப்புத்தகம் படிப்பதற்கு முன் ஓய்வு பெற்ற ஒரு குமாஸ்தாவோடு ஒரு சாயங்காலம் உட்காருங்கள். காபி மட்டும் நல்லதாக இருக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளைக்கும் பத்திர எழுத்தருக்கும் இரண்டுமே காகித வேலைதானே, ஒருவர் இன்னொருவரை மறைக்க மாட்டாரா என்று ஒரு நண்பர் கேட்டார். மறைத்தார்கள். பிறகு கோடு போட்டுப் பிரித்தேன். கணக்குப்பிள்ளை பணத்தைக் கேட்கலாம். எழுத்தர் காகிதத்தை மட்டும் கேட்கலாம். ஒரே அடமானப் பத்திரத்தில் இவருக்கு வட்டி விகிதம் உறுத்தும், அவருக்கு சாட்சிக் கையெழுத்து உறுத்தும். இருவர் ஒரே பொருளைக் கையில் வைத்துக்கொண்டு வேறு வேறு கேள்வி கேட்பதைப் போல மேசையைச் சூடாக்குவது வேறில்லை.

கம்பவுண்டர் கஷ்டமான ஆள். “இவர் எப்படிச் செத்தார்?” என்று கேட்க விட்டால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். கேட்க விடாவிட்டால் கம்பவுண்டர் எதற்கு? அந்தக் காலத்து விஷங்களே வழி காட்டின. வெள்ளைப் பாஷாணம், அதாவது ஆர்செனிக், கொடுக்கப்பட்டவருக்கு வாந்தியும் பேதியும் வரும். பார்ப்பதற்குக் காலரா மாதிரியே இருக்கும். ஊமத்தை உண்டவருக்குக் கண்பாவை விரியும், நாக்கு வறளும், பிதற்றுவார். அரளி வாந்தியோடு நாடியையும் தளர்த்தித் தாறுமாறாக்கும். ஆக, அட்டையில் இப்படி எழுதினேன்: “உடலையோ நோயாளியையோ அருகிருந்து பார்க்கும்போது, இந்த அறிகுறிகளுக்குப் பொருந்தும் இரண்டு காரணங்களைக் கேட்டுத் தெரிந்துகொள். ஒன்று உண்மை.” கம்பவுண்டர் சொல்கிறார்: “காலராவா இருக்கலாம். பாஷாணமாவும் இருக்கலாம்.” இனி குழுவே ஓட வேண்டும். அந்தத் தெருவில் வேறு யாருக்காவது பேதி கண்டதா? தண்ணீர் எந்தக் கிணறு? ஒரே பானையில் சாப்பிட்டவர்கள் யார்? அரசாங்கத்தின் கெமிக்கல் எக்ஸாமினருக்கு மாதிரி அனுப்பலாம். ஆனால் பதில் வருவதற்குள் சாட்சி ஊரை விட்டுப் போய்விடுவார். விடையைத் தருவதற்குப் பதில் இரண்டு சந்தேகங்களைத் தருவது துப்பறியும் ஆட்டத்தில் அசாத்தியமாக வேலை செய்கிறது.

இதே வைத்தியம் “பொய் சொன்னால் கண்டுபிடிப்பேன்” என்ற திறமைக்கும். எந்தக் குழுவிலும் ஒருவர் அதைக் கேட்பார். கொடுத்தால் விசாரணை என்பது ஆம்–இல்லை பரீட்சையாகிவிடும், சந்தேக நபர்களை வரிசையாக நிறுத்தி “நீங்களா கொலை பண்ணீங்க?” என்று கேட்டு முடித்துவிடலாம். எங்கள் வக்கீல் குமாஸ்தாவுக்கு நான் கொடுத்திருப்பது வேறு: “ஒருவரோடு பேசி முடித்ததும் கேள்: எந்த விஷயத்தைப் பேசும்போது இவர் தயங்கினார்?” அவர் சொன்னது பொய்யா என்று தெரியாது. நகையைப் பற்றிப் பேசும்போது தயங்கினார் என்று மட்டும் தெரியும். குற்றமில்லாதவர்களும் எதையாவது மறைக்கிறார்கள் என்பதால் இந்தத் திறமை ஜி.எம்.மையும் நல்ல எழுத்தாளர் ஆக்குகிறது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தயங்க ஒரு காரணம் தயாராக வைத்திருந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

இனி கதவுகள். பழைய வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: திண்ணை, ரேழி, முற்றம், கூடம், பின்கட்டு, கொல்லை. 1930களின் மதராஸில் ஒருவர் அந்த வீட்டுக்குள் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதே பாதி விசாரணை. இன்ஸ்பெக்டர் வந்தால் கூடம் வரை மரியாதையாக அழைத்து உட்கார வைப்பார்கள். காபி வரும், உண்மை வராது. மருத்துவச்சிக்குக் கொல்லைப்புற வாசல் திறந்தே இருக்கும். அந்த வீட்டின் பிள்ளைகள் எல்லாம் அவர் கையில் பிறந்தவர்கள். “கொல்லை வழியாக எந்த வீட்டுப் பின்கட்டுக்கும் போகலாம். அங்கிருக்கும் பெண்களில் ஒருவர் உன்னிடம் ஒரு விஷயத்தைக் கேட்காமலே சொல்வார்” என்பது அவருடைய அட்டை. பகடை கிடையாது. முன்வாசலில் இருவர் முதலாளியிடம் தலைகீழாக நின்று கெஞ்சிக்கொண்டிருக்கும்போது, இவர் பின்கட்டில் அம்மியருகே உட்கார்ந்து, இறந்தவருக்குக் கடைசிக் கஞ்சியைக் காய்ச்சியது யார் என்று தெரிந்துகொண்டு வருவார்.

கதவு என்று பேசத் தொடங்கினால் சாதி வந்தே தீரும். யார் எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தக் கிணற்றில் இறைக்கலாம் என்பதெல்லாம் அந்தக் காலத்து மதராஸின் நிஜம். கோயில் நுழைவுக்கே 1939ல்தான் சட்டப் பாதுகாப்பு வந்தது. பிறப்பால் திறக்கும் கதவை ஒரு பாத்திரத்துக்குத் தனித்திறமையாகக் கொடுப்பதில்லை என்று நாங்கள் ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி முடிவெடுத்தோம். அட்டையில் எழுதிவிட்டால் அது பரிசு மாதிரி ஆகிவிடும். நான்கு பேரில் ஒருவர் அந்தப் பரிசை ஒவ்வொரு வாரமும் மேசையில் வீச வேண்டியிருக்கும். அடைபட்ட கதவுகள் கதையில் இருக்கின்றன. அவற்றைத் தொழிலாலும், பழக்கத்தாலும், பட்ட கடனாலும், சில சமயம் துணிச்சலாலும்தான் எங்கள் பாத்திரங்கள் திறக்கிறார்கள். வேறு குழுக்கள் வேறு மாதிரி முடிவெடுக்கலாம். பேசாமல் மட்டும் தொடங்கக் கூடாது. நடுவில் யாருக்காவது ஒரு காட்சி பிடிக்கவில்லை என்றால் நிறுத்த ஓர் அட்டை மேசையில் கிடக்கட்டும்.

தபால்காரர் பற்றித் தனியாகவே எழுதலாம். மணியார்டர் 1880லேயே வந்துவிட்ட நாடு இது. எந்த மருமகளுக்கு எந்த ஊரிலிருந்து மாதாமாதம் பணம் வருகிறது, எந்த வீட்டுக்கு இப்போது கடிதம் வருவதில்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். உறையின் மேல் விழுந்த முத்திரைகளை வைத்துக் கடிதம் எங்கே சேர்க்கப்பட்டது, எப்போது வந்து சேர்ந்தது என்று சொல்வார். எங்கள் மேசையில் எல்லோரும் தபால்காரராகத்தான் ஆட விரும்புகிறார்கள். அவரை எப்படிக் கட்டுப்படுத்துவது என்ற யோசனையில்தான் விலை என்ற விஷயத்துக்கு வந்தேன்.

வலுவான திறமையைக் கட்டுப்படுத்தச் சாதாரணமாகச் செய்வது, “ஒரு செஷனுக்கு ஒரு முறை” என்று எழுதிவிடுவது. எழுதுவது சுலபம். மேசையில் என்ன நடக்கிறது என்றால், ஆட்டக்காரர்கள் அதைக் கல்யாணப் பட்டுப்புடவை மாதிரி பெட்டியிலேயே வைத்துக்கொள்கிறார்கள். “இப்போ வேணாம், அப்புறம் இதைவிட முக்கியமா ஒண்ணு வரும்” என்று சொல்லிச் சொல்லி, ஆட்டம் முடிந்து சப்பல் மாட்டும்போது ஞாபகம் வரும். கதைக்குள்ளும் அதற்கு அர்த்தமில்லை. தபால்காரருக்குச் செவ்வாய்க்கிழமை தெரிந்தது புதன்கிழமை ஏன் தெரியாது?

அதனால் எண்ணிக்கைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு ‘ஊர்ப்பேச்சு’ என்ற கணக்கைக் கொண்டுவந்தேன். மேசை நடுவில் ஒரு தாள், அதில் ஆறு கட்டங்கள். ஓர் இடத்தில் தனித்திறமையை முதல் முறை பயன்படுத்தினால் ஒன்றும் ஆகாது. அதே இடத்தில் அதே வழக்கைப் பற்றி இரண்டாம் கேள்வி கேட்டால் ஒரு கட்டம் நிரம்பும். பகடையில் 7 முதல் 9 வரை விழும்போதும் ஜி.எம். விலையாக ஒரு கட்டத்தை நிரப்பலாம். மூன்று நிரம்பினால், இப்படிச் சிலர் விசாரித்துக்கொண்டு திரிகிறார்கள் என்பது குற்றவாளி காதுக்குப் போகும். ஆறும் நிரம்பினால் அவர் ஏதாவது செய்வார்: ஒரு சாட்சியை ஊருக்கு அனுப்புவார், ஒரு காகிதத்தை எரிப்பார், இல்லையென்றால் நேரே வந்து உங்கள் திண்ணையில் உட்கார்ந்து சிரித்துப் பேசுவார். மூன்றாவதுதான் எல்லோரையும் அதிகம் பயமுறுத்துகிறது. திறமையைப் பயன்படுத்து என்று யாரும் இப்போது சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கேள்வி ஒரு கட்டத்துக்குத் தகுமா என்று ஆட்டக்காரர்களே தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சும் பாத்திரங்களின் குரலிலேயே நடக்கிறது: “அண்ணே, இன்னொரு தடவை அந்த மண்டிக்குப் போனா சந்தேகப்படுவாங்க.”

கொத்தவால் சாவடி மண்டி முதலாளி ஒருவரின் சாவை வைத்து எழுதிய வழக்கில் இதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. அவர் பேதி கண்டு இறந்ததாகப் பேச்சு. மயிலாப்பூர் வீடு அண்ணன் மகன் பெயருக்கு மாறியிருக்கிறது. கம்பவுண்டர் இரண்டு காரணம் சொன்னார். மருத்துவச்சி கஞ்சி விஷயத்தோடு வந்தார். பத்திர எழுத்தர் தாள் விற்ற தேதியைப் பிடித்தார். கணக்குப்பிள்ளை, பாஷாணம் எலிக்கு என்று வாங்கப்பட்ட வரியைக் கண்டுபிடித்தார். வாங்கியது அண்ணன் மகன் இல்லை. அங்கேதான் வழக்கு திரும்பியது. போலிப் பத்திரம் எழுதியவர் ஒருவர், விஷம் வைத்தவர் வேறொருவர். இருவருக்கும் மற்றவர் செய்தது தெரியாது.

இந்த மாதிரி வழக்கு எழுத ஒரு வசதி, ஆட்டக்காரர்களின் அட்டைகளைப் பார்த்த பிறகு எழுதுவது. ஒவ்வொரு தனித்திறமைக்கும் குறைந்தது ஓர் இடம் வைப்பேன். ஆனால் வழக்கு நகரத் தேவையான எதையும் ஒரே ஓர் அட்டையில் தொங்கவிட மாட்டேன். அன்றைக்கு மருத்துவச்சிக்கு ஜலதோஷம் வந்து ஆட வரவில்லை என்றால்? ஜஸ்டின் அலெக்சாண்டர் என்ற ஆட்ட வடிவமைப்பாளர் 2008ல் எழுதிய மூன்று துப்பு விதி இங்கே கைகொடுக்கும்: ஆட்டக்காரர்கள் வந்து சேர வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்பு வை. நான் அதைக் கொஞ்சம் திருத்தி வைத்திருக்கிறேன். ஒன்று யார் போனாலும் கிடைப்பது, ஒன்று ஏதாவது ஒரு தனித்திறமைக்குக் கிடைப்பது, ஒன்று விலை கொடுத்தால் கிடைப்பது. தனித்திறமை வழியாக வருவது மற்ற இரண்டையும்விடச் சீக்கிரமாகவோ, அமைதியாகவோ, ஆழமாகவோ இருக்க வேண்டும். அதுதான் அந்த ஆட்டக்காரருக்கான மரியாதை.

ஒன்று சொல்லிவிட வேண்டும். இதெல்லாம் விடை முன்கூட்டியே நிச்சயிக்கப்பட்ட ஆட்டத்துக்குத்தான். ‘பிரிண்டில்வுட் பே’ மாதிரியான ஆட்டங்களில் குற்றவாளி யார் என்று ஜி.எம்.-க்கே தெரியாது, சேர்த்த துப்புகளை வைத்து ஆட்டக்காரர்கள் ஒரு கதை கட்டி, அது சரியா என்று பகடைதான் சொல்லும். அங்கே “ஜி.எம். உண்மையைச் சொல்ல வேண்டும்” என்று எழுதிய அட்டைக்கு அர்த்தமே இல்லை. அதை இன்னும் ஆடி ரசிக்கும் ஆள்தான் நான். இங்கே எழுதியதை அங்கே எடுத்துப் போகாதீர்கள்.

எதிர்பார்க்காத பலன் ஒன்றும் கிடைத்தது. எங்கள் குழுவில் ஒரு தங்கை அதிகம் பேச மாட்டாள். மற்ற ஆட்டங்களில் தன் முறை வந்தால் “நான் பாஸ்” என்பாள். இங்கே அவள்தான் கணக்குப்பிள்ளை. அட்டையில் கேள்விகள் எழுதியே இருப்பதால் என்ன சொல்வது என்ற தவிப்பு இல்லை, வாசித்தால் போதும். கொஞ்ச நாளில் அட்டையைப் பார்க்காமலே, “ஐயா, இந்தப் பக்கத்துல யார் பேர் இருக்கணும்?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்கப் பழகிவிட்டாள். இதற்கு நேர்மாறாக, வாய்ச்சாலகமான நண்பர் ஒருவர் எந்தப் பாத்திரம் எடுத்தாலும் பேசியே காரியத்தை முடிப்பார். அவருக்காகத்தான் “நன்றாகப் பேசுவாய்” என்ற வகைத் திறமைகளை மொத்தமாக எடுத்துவிட்டேன். நன்றாகப் பேசுவதை ஆட்டக்காரர் செய்கிறாரா, பாத்திரம் செய்கிறதா என்று யாராலும் பிரிக்க முடியாது.

சண்டைத் திறமைகள் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மொத்தத்தில் இரண்டே வைத்திருக்கிறேன். ஒன்று சிலம்பம், மற்றது நன்றாக ஓடுவது. ஓடுவதைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள்.

கோடாங்கி வேண்டும் என்று ஒருவர் பிடிவாதமாகக் கேட்டார். உடுக்கையடித்துக் குறி சொல்லும் ஆள். அமானுஷ்யம் உண்மையாகவே வேலை செய்கிற ஆட்டமாக இதை நான் நினைக்கவில்லை. ஆனாலும் மறுக்க மனம் வரவில்லை. சாதாரணமாகக் குறி சொல்ல விட்டால் அது எல்லாக் கேள்வித் திறமைகளையும் விழுங்கிவிடும். முடிவில் அட்டையைத் தலைகீழாக எழுதினேன்: “குறி சொல்லும்போது ஜி.எம். உனக்கு ஓர் உண்மையான பதிலைச் சொல்வார். அது எந்தக் கேள்விக்கான பதில் என்று சொல்ல மாட்டார்.” “மூணாவது படியில ஈரம்” என்று வரும். எந்த வீட்டுப் படி, எப்போது, என்ன ஈரம்? குழு அதைத் தூக்கிக்கொண்டு அலைவது பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. விளக்கம் வேண்டுபவர்கள் கோடாங்கி கெட்டிக்காரத்தனமாகத் தெருவில் கேட்டதைத்தான் சொல்கிறார் என்று நம்பிக்கொள்ளலாம். நம்புபவர்கள் நம்பலாம். விதி இரண்டு பக்கமும் சாயாது.

எத்தனை அட்டை என்பதற்கும் ஒரு வழக்கம் வந்துவிட்டது. தொடக்கத்தில் ஒன்று, ஒரு வழக்கு முடிந்தால் இன்னொன்று, மூன்றுக்கு மேல் யாருக்கும் கிடையாது. நான்காவதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. இரண்டாவது அட்டையை அந்த வழக்கில் நடந்ததிலிருந்துதான் எழுதுவோம். மண்டி வழக்கில் எரிந்த பதிவேட்டைக் கையால் தீயிலிருந்து இழுத்த பத்திர எழுத்தருக்கு “கருகிய காகிதத்தைக் கையில் எடுக்கும்போது, படிக்க முடிகிற ஒரே ஒரு சொல் எது என்று கேள்” என்பது வந்தது. அவருடைய வலது கையில் இனி எழுத முடியாது. பத்திர எழுத்தருக்கு அது என்ன இழப்பு என்று மேசையில் எல்லோருக்கும் புரிந்தது.

இப்போது எழுதிக்கொண்டிருப்பது போட் மெயில் என்ற ரயிலில் நடக்கும் வழக்கு. எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். ரயிலில் கொல்லைப்புறம் கிடையாது என்பதால் கதவு அட்டைகள் எல்லாம் ஒரேயடியாகச் செல்லாமல் போய்விட்டன. மருத்துவச்சிக்குப் பெண்கள் பெட்டியைக் கொடுத்திருக்கிறேன். தபால்காரருக்கு ஆர்.எம்.எஸ்., அதாவது ரயில்வே தபால் சேவைப் பெட்டியில் தபால் பிரிப்பவர்களைத் தெரியும். கணக்குப்பிள்ளைக்கு, இலங்கைத் தோட்டத்துக்கு ஆள் கூட்டிப்போகும் கங்காணி ஒருவரின் முன்பணக் கணக்கு கையில் சிக்கப்போகிறது. மண்டபம் முகாமில் எல்லோரையும் இறக்கிப் பரிசோதிப்பதற்குள் அதை அவர் புரட்டியாக வேண்டும். ஊர்ப்பேச்சுக் கட்டங்களை ஆறிலிருந்து நான்காகக் குறைக்கலாமா என்று யோசிக்கிறேன். ரயிலில் ஊர் சின்னது, பேச்சு சீக்கிரம் பரவும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஆடிப் பார்த்துவிட்டுத்தான் தெரியும்.